துரை பங்களா ரோஜா

கிள்ளான் பக்கம் ஒரு வீடமைப்புத் திட்டத்தில் லேண்ட்ஸ்கேப் சூப்பர்வைசராக இருந்தேன். வீடு விற்பதற்காக விளம்பரத்தில் ‘இங்கிலீஷ் கார்டன்’ என்று போட்டுவிட்டார்கள். அதை உண்டாக்கிக் காட்டும் பாடு என்னுடையது. ரோஜாவும் லாவண்டரும் குளிரான கேமரன் மலையிலிருந்து லோரியில் வரும். நம் வெயிலுக்கும் மழைக்கும் கொஞ்ச நாளில் இலையில் கரும்புள்ளி விழுந்து எல்லாம் கொட்டிவிடும். மறுபடி லோரி.

அந்த நிலம் முன்பு எஸ்டேட். மூலையில் கூரை விழுந்த துரை பங்களா ஒன்று நின்றது. படிக்கட்டு ஓரம் ஒரு ரோஜாச் செடி. எந்தத் துரை வைத்ததோ, உரமும் மருந்தும் இல்லாமல் ஆள் உயரம் வளர்ந்து கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. இந்தச் சூட்டில் அப்படி ஒரு பழைய ரோஜாவை நான் பார்த்ததே இல்லை. ப்ராஜெக்ட் மேனேஜர் தினேஷிடம் ஓடினேன்.

“பாஸ், அந்தச் செடிய மட்டும் விட்டுடுங்க. இல்லன்னா நட்டு வளர்க்க நாலு கட்டிங்காவது எடுத்துக்கிறேன்.”

“அது காட்டுச் செடி லா அண்ணே. சைட்ல ஒண்ணையும் தொடாதீங்க. கன்சல்டன்ட் வர்றதுக்குள்ள கிளீனா இருக்கணும்.”

நான் தொடவில்லை. மறுநாள் மண் வாரும் பேக்கோ இயந்திரம் வந்து பங்களாவோடு அதையும் வாரிப் போட்டது.

அடுத்த வாரம் கன்சல்டன்ட் வந்தார். பழைய ரக ரோஜாக்களைத் தேடிப் பெருக்கும் இங்கிலாந்துக்காரம்மா. கையில் அந்தப் பங்களாவின் பழைய போட்டோ, அதில் அதே செடி. “இது எங்கே? தோட்டம் முழுக்க இதிலிருந்துதான் உண்டாக்கப் போகிறேன்” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

தினேஷ் என்னைக் கைகாட்டினார். “சூப்பர்வைசர் கிளியர் பண்ணிட்டார், மேடம். அவருக்குச் செடி பத்தி அவ்வளவா தெரியாது.” இதையும் ஆங்கிலத்தில்தான் சொன்னார், எனக்குப் புரியாது என்று நினைத்து.

“ஐ ஆஸ்க், மேடம். ஹி சே நோ” என்றேன்.

அந்தம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். போட்டோவை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினார், திரும்பி வரவில்லை. என்னைக் காஜாங்கில் இருந்த இன்னொரு சைட்டுக்குப் புல் வெட்ட அனுப்பினார்கள்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நல்ல செடியைக் கண்டால் முதலில் ஒரு குச்சியை வெட்டி ஈரத்துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். அனுமதியை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். நான் முறையாகக் கேட்டவன். இப்போது அந்தக் கிள்ளான் வீடமைப்பின் வாசலில் ‘ஹெரிடேஜ் ரோஸ் கார்டன்’ என்று போர்டு நிற்கிறது. அந்தம்மா விட்டுப்போன போட்டோவைப் பெரிதாக்கி அதில் போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே பூத்திருப்பதெல்லாம் கேமரன் லோரியில் வந்தவை.