மாமா அழக் கூடாத கல்யாணம்

கை கால் விழுந்தவர்களின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபி வேலையில், கை காலைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் நம்மிடம்தான் பதில் கேட்பார்கள். உத்திரமேரூரைச் சுற்றி ஸ்கூட்டியில் அலைகிற என் பாடு, வீடு வீடாக ஏறி இறங்குகிறவர்களுக்குப் புரியும்.

சிரிப்பு

மாகறல் கிராமத்து ஏகாம்பரத்துக்குப் பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்திருந்தன. தோளைத் தூக்கினால் வலியில் நெற்றி வேர்க்கும். வாய் மட்டும் கடகடவென்று சிரிக்கும். என்னைத்தான் கேலி செய்கிறார் என்று முதலில் நான் தலை நிமிரவே இல்லை. விஷயம் புரிந்த பிறகு அவர் மனைவி அமுதாவுக்கு விளக்கினேன். மூளையில் சந்தோஷத்தையும் துக்கத்தையும் உணர்கிற இடங்கள் வேறு, முகத்தைச் சிரிக்கவும் அழவும் வைக்கிற இடங்கள் வேறு. அவற்றைக் கட்டுக்குள் வைக்கிற பாதை அடிபட்டால், உள்ளே ஒன்றும் இல்லாமலே சிரிப்பு வரும், அழுகையும் வரும்.

கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த அமுதா கையை நிறுத்தினார். "அப்போ நேத்து நான் வச்ச கொயம்பத் துன்னுட்டு சிரிச்சாரே, அதுவும் சும்மாதானா?"

பத்திரிகை

ஏகாம்பரத்தின் தங்கை செல்வி, மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். பெண்ணைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்துவர வேண்டியவர் தாய்மாமன் ஏகாம்பரம். தங்கையைப் பார்த்ததுமே அவர் கேவிக் கேவி அழுதார். தாலி கட்டும் நேரத்தில் இப்படி அழுதால் மாப்பிள்ளை வீட்டார் அபசகுனம் என்பார்கள், வேறு யாரையாவது அழைத்துவரச் சொல்லலாமா என்று செல்வி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

செல்வி போன பிறகுதான் ஏகாம்பரம் என்னிடம் வாய் திறந்தார். "கை வராட்டியும் பரவால்ல பாப்பா. மொதல்ல இந்த மூஞ்சிய அடக்கக் கத்துக் குடு."

மூச்சு

அழுகை முட்டினால் தாடையைத் தளர்த்தி, மூச்சை மெல்ல இழுத்து விட வேண்டும். தினமும் அதையே பழகினோம். கல்யாணத்தன்று இடது காலை இழுத்து இழுத்து நடந்து, பெண்ணை மணவறைக்கு அவரே அழைத்து வந்தார். கெட்டிமேளம் கொட்டியபோதும் முகம் அசையவில்லை. பின்வரிசையில் எனக்கு ஒரே பெருமை.

பெண்ணை அனுப்பும்போது மண்டபமே அழுதது. அவள் மாமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினாள். அவரோ தாடையைத் தளர்த்தி, மூச்சை மெல்ல விட்டுக்கொண்டு நின்றார். அண்ணனுக்கு இப்போதெல்லாம் எதுவுமே உறைப்பதில்லை என்று செல்வி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது அவர் காதிலும் என் காதிலும் விழுந்தது.

கார் கிளம்பியதும் ஏகாம்பரம் என்னைக் கூப்பிட்டார். "அது நெஜ அழுவ, பாப்பா. எதுன்னு பிரிக்கத் தெரியாம அதையும் சேத்து அடக்கிட்டேன்."

மூளையில் எது எங்கே இருக்கிறது என்று படம் வரைந்து காட்டத் தெரிந்த எனக்கு, எந்த அழுகையை அடக்காமல் விட்டுவிடலாம் என்று சொல்லிக்கொடுக்க மட்டும் தோன்றவே இல்லை.