அத்தானின் புது ஹேண்டில்பார்

என் அக்காவின் கணவர் பதினேழு வருடம் முன்வண்டி ஓட்டியவர். பெரிய மோட்டார் சைக்கிள்களில் மலைப்பாதை சுற்ற வருகிற கூட்டத்துக்கு முன்னால் போய் வழி காட்டுகிற வண்டிக்குத்தான் முன்வண்டி என்று பெயர். பின்னால் பத்துப் பேர், பன்னிரண்டு பேர் வருவார்கள். அத்தான் இடது காலை நீட்டினால் அந்தப் பக்கம் மணல் கிடக்கிறது என்று அர்த்தம். கையை மேலே தூக்கினால் எல்லோரும் நின்றுவிட வேண்டும். ஆறு நாள் போய்விட்டு ஏழாம் நாள் வருவார், ஒரு பகல் முழுக்கத் தூங்குவார், மறுபடி கிளம்பிவிடுவார். வருடத்தில் நான்கு மாதம்தான் அந்த வேலை. மிச்ச எட்டு மாதத்தையும் அந்த நான்கு மாதம்தான் தாங்கியது.

அவர் அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து அக்கா பேசுவாள். அவளுக்குப் பல் செட் செய்கிற இடத்தில் வேலை. மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, மயிரிழை பிசகாமல் சரிபார்த்து அனுப்ப வேண்டும். "இங்க பாதிப் பேரு நான் கொடுத்த சிரிப்பைத்தான் சிரிக்கறாங்க" என்பாள். அவர்கள் வீட்டு மாடி அறையில் நான் இருந்தேன். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை எனக்கு. சனி, ஞாயிறு விடுமுறை. அதனால் நடந்ததில் பாதியை நானே பார்த்தேன். மீதி அக்கா சொன்னது.

அந்தக் குளிர்காலம் தொடங்கியதிலிருந்தே அத்தானின் கைகள் மரத்துப்போக ஆரம்பித்திருந்தன. இரண்டு கையிலும் கட்டைவிரல், அதை அடுத்த இரண்டு விரல்கள். முதலில் விடிகாலையில் மட்டும். பிறகு வண்டி ஓட்டும்போது. பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போதும். டம்ளர் கைநழுவி விழுந்தால் "சோப்பு போகலை" என்பார். சட்டைப் பொத்தான் போடாமல் பனியனோடு திரிந்தால் "புழுக்கமா இருக்கு" என்பார், குளிர்காலத்தில். அக்கா அதைச் சொல்லிச் சிரித்தாளே தவிர சந்தேகப்படவில்லை.

யாருக்கும் சொல்லாமல் ஒரு நாள் மருத்துவரிடம் போயிருக்கிறார். மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, இரண்டு கையிலும் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், ஒன்று ஆறிய பிறகுதான் மற்றது, அதுவரை வண்டியைத் தொடாதீர்கள், தள்ளிப்போட்டால் போன உணர்ச்சி திரும்பாமலே போகலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை அத்தான் நாலாக மடித்து வண்டி இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அப்போது சீசன் தொடங்க ஐந்து வாரம் இருந்தது.

அந்த ஐந்து வாரமும் அவர் நம்பியது ஒரு ஹேண்டில்பாரை. முன்னால் குனிந்து ஓட்டுவதால்தான் உடம்புப் பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்குகிறது, ஐந்து சென்டிமீட்டர் உயரமாகவும் கொஞ்சம் பின்னால் வளைந்தும் இருக்கிற பார் மாட்டினால் நிமிர்ந்து உட்காரலாம், கூடவே கைப்பிடிக்குத் தடித்த மெத்தென்ற கிரிப் உறை போட்டால் அதிர்வும் குறையும் என்று பழைய சகா ஒருவர் சொல்லியிருந்தார். அந்தச் சகாவுக்கு வலித்தது முதுகு. அத்தான் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பார்சல் வந்து சேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலை அவர் வேலை பார்த்த சுற்றுலா நிறுவனத்தின் மேலாளர் அவரோடு மலைப்பாதையில் ஒரு சுற்று வந்து பார்ப்பதாக இருந்தது. முன்வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் அந்த வருடம் அப்படி ஒரு சோதனை வைத்திருந்தார்கள்.

சனிக்கிழமை காலை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே முற்றத்தில் ஸ்பானர் விழுகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் மறுபடி. மூன்றாவது தடவை எட்டிப் பார்த்தேன். அத்தான் பழைய கிரிப்பை பிளேடால் கீறிக்கொண்டிருந்தார். பெட்ரோல் டேங்க் மேல் விரித்திருந்த வெள்ளைத் துண்டில் சிவப்பாக ஏதோ சொட்டியிருந்தது. பெயின்ட் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"அத்தான், கையில ரத்தம்."

அவர் வலது கையைப் பார்த்தார். நான் சொன்னது இடது கையை. கட்டைவிரலின் அடியில் பிளேடு நன்றாகவே இறங்கியிருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை.

நான் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் அக்கா வெளியே வந்துவிட்டாள். அவள் கத்தவில்லை. கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். கழுவும்போதே அவர் முகத்தைப் பார்த்தாள். தண்ணீர் வெட்டுக்காயத்தில் விழுகிறது, அவர் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

"எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளாத்தான்."

"எத்தனை நாளா இப்படி இருக்குன்னு கேட்டேன்."

"அஞ்சு மாசம்."

அவள் கட்டுப் போட்டு முடித்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். அதை அப்படியே எழுத முடியாது. ஒரே வீட்டில் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு ஐந்து மாதம் தன்னை முட்டாளாக வைத்திருந்தார் என்பதுதான் சாரம். அத்தான் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கடைசியில் சொன்னார்: "திங்கக்கிழமை மட்டும் தாண்டிட்டேன்னா போதும். சீசன் முடிஞ்ச மறுநாளே போய்ப் படுத்துக்கறேன். நாலே மாசம். எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு."

அக்கா வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். பாதி கழற்றிய நிலையில் வயர்கள் தொங்கிக்கொண்டிருந்தன. அவள் உள்ளே போய்த் தன் மூக்குக் கண்ணாடியை எடுத்து வந்தாள்.

"எதை எங்க கழட்டணும்னு வாயால சொல்லுங்க. கையை வைக்காதீங்க."

மதியம் வரை அக்காதான் வேலை செய்தாள். சுவிட்ச் டப்பாக்களைத் திறந்தாள். பிரேக் பிடியையும் கிளட்ச் பிடியையும் கழற்றித் தொங்கவிட்டாள். பழைய பாரைத் தூக்கி என்னிடம் கொடுத்துவிட்டுப் புதியதை வைத்தாள். சுவிட்ச் டப்பாவுக்குள் சின்ன முளை ஒன்று இருக்கிறது, அது உட்கார பாரில் ஓட்டை போட வேண்டும். அத்தான் அளந்து குறி போடச் சொன்ன இடத்தை அவள் இரண்டு முறை அளந்துவிட்டு, பல்லுக்குப் போடுகிற மாதிரி நிதானமாக டிரில்லை இறக்கினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. நடுவில் இருக்கிற பிடிப்புப் போல்ட்டுகளை முடுக்கும்போதுதான் தடுமாறினாள்.

"எவ்வளவு இறுக்கணும்?"

"அது கைக்குத் தெரியும்."

"யாரு கைக்கு?"

நான் பக்கத்துத் தெரு பட்டறைக்கு ஓடிப்போய், இறுக்கத்தை முள்ளில் காட்டுகிற ஸ்பானரை இரவல் வாங்கி வந்தேன்.

கிரிப் மாட்டினோம். இடது பக்கத்துக்குப் பசை. வலது பக்கம் ஆக்சிலேட்டர் சுழல வேண்டும் என்பதால் ஓரத்தில் நகம் நுழைகிற இடைவெளி விட்டாள். எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டில்பாரை இடது கோடி வரை திருப்பியபோது, யாரும் முறுக்காமலே சத்தம் ஏறியது. பார் உயர்ந்ததால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபட்டிருக்கிறது. அந்தச் சத்தத்துக்கு அத்தான் உடனே நிமிர்ந்தார். காது மட்டும் பழைய காதாகவே இருந்தது. கேபிளைக் கழற்றி முன்பக்கமாகக் குறுக்கு வழியில் கொண்டுவரச் சொன்னார். மூன்றாவது தடவை சரியாக வந்தது. எந்தக் கோடிக்குத் திருப்பினாலும் எஞ்சின் ஒரே சீராக ஓடியது. பிரேக் குழாயும் எங்கும் இழுபடவில்லை.

அத்தான் ஏறி உட்கார்ந்தார். முதுகு நேராக, தோள் தளர்ந்து, முழங்கை மடங்கி. அவர் முகத்தில் அன்று முதல் தடவையாக ஒரு தெளிவு வந்தது. "சரியா இருக்கு" என்றார்.

அக்கா அவர் முன்னால் போய் நின்றாள். "கண்ணை மூடுங்க. நான் எந்த விரலை அழுத்தறேன்னு சொல்லுங்க."

ஆள்காட்டி விரலை அழுத்தினாள். அவர் யோசித்துவிட்டு மோதிர விரல் என்றார். கட்டைவிரலை அழுத்தினாள். "இன்னும் அழுத்தலையே" என்றார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"பார் சரியாத்தான் இருக்கு" என்றாள் அக்கா, மெதுவாக.

அப்படியும் அவர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கத்தான் போகிறேன் என்று நின்றார். என்ன சொல்லியும் நடக்காதபோது, அக்கா தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினாள். "விழுந்தா ரெண்டு பேரும் விழுவோம். அந்த நினைப்பாவது இருக்கட்டும்."

முக்கால் மணி நேரம் எல்லாம் நன்றாகப் போனதாம். நிமிர்ந்து உட்கார்ந்ததில் கையில் மரமரப்புகூடக் குறைந்திருக்கிறது. மலையேற்றத்தில் அவர் ஒரு பாட்டை முணுமுணுத்தாராம். அக்காவுக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது. உச்சியில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டு இறங்கத் தொடங்கினார்கள். மூன்றாவது வளைவில் எதிரே ஒரு லாரி. அத்தான் முன் பிரேக்கைப் பிடித்தார். பிடித்ததாக நினைத்தார். விரல்கள் பிரேக் பிடிக்கு மேலே வெறும் காற்றில் மடங்கியிருந்தன. வண்டி வேகம் குறையாததைக் கண்டுதான் குனிந்து பார்த்திருக்கிறார். காலால் பின் பிரேக்கை மிதித்ததில் வண்டி வாலைச் சுழற்றிக்கொண்டு ஓரத்துச் சரளையில் போய்ச் சாய்ந்தது. லாரி ஒலி எழுப்பிக்கொண்டே போய்விட்டது. அக்காவுக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவருக்கு ஒன்றும் இல்லை. வண்டியின் ஓரத்தில் மாட்டியிருந்த சாமான் பெட்டி ஒன்று மட்டும் நசுங்கியது.

இரண்டு பேரும் ரோட்டோரத் தடுப்புக் கல்லில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தான் தன் கைகளைத் தொடைமேல் மல்லாத்திப் போட்டு, யாரோ விட்டுப்போன பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு அழுதார். அவர் அழுது அக்கா பார்த்தது அதுதான் முதல் தடவை. "பின்னாடி பன்னெண்டு பேரு வந்திருப்பாங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். "நான் கையைத் தூக்கினா நிக்கறவங்க. நான் போனா அப்படியே பின்னாடியே வர்றவங்க."

அங்கேயே அக்காவின் போனில் மேலாளரைக் கூப்பிட்டார். எண்களைச் சொன்னார், அக்கா அழுத்தினாள். உள்ளதை உள்ளபடி சொன்னார். மேலாளர் கேட்டுக்கொண்டு, வருத்தமாக இருக்கிறது என்றார். பின்னால் வருகிற சாமான் வேனையாவது ஓட்டலாமா என்று அத்தான் கேட்டார். அதற்கு ஏற்கெனவே ஆள் போட்டாயிற்று, அதுவும் வண்டிதானே என்றார் மேலாளர். பேசி முடிக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

சீசன் தொடங்கிய வாரத்தில் வலது கையில் அறுவை சிகிச்சை நடந்தது. அவருக்குச் சட்டை போட்டுவிட ஆள் வேண்டும், சவரம் செய்துவிட ஆள் வேண்டும். அக்கா இரண்டு ஷிப்ட் பார்த்தாள். தெருவில் கூட்டமாக மோட்டார் சைக்கிள்கள் போகிற சத்தம் கேட்டால் அத்தான் எழுந்துபோய்க் கதவைச் சாத்துவார். அதுவும் முழங்கையால்.

ஒரு நாள் மதியம் போன் வந்தது. அவர் இடத்துக்கு வந்திருந்த புது முன்வண்டிக்காரர். மூடுபனியில் இரண்டாகப் பிரிகிற பாதையில் கூட்டத்தோடு நின்றுகொண்டிருந்தார். எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. நான் போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டேன். வேண்டாம், வைத்துவிடுங்கள் என்று அக்கா அத்தானுக்குச் சைகை காட்டினாள்.

அத்தான் மேசைக்கு அருகே வந்து குனிந்தார். பிறகு கேட்டார்: "எத்தனை பேரு இருக்காங்க?"

"ஒன்பது பேருண்ணே."

"வலது பக்கம் போகாதீங்க. அங்க பாலத்துக்கு அப்புறம் மண் சரிஞ்சிருக்கும். இடது பக்கமா இறங்குங்க. ரெண்டாவது வளைவுல தண்ணி ஓடும், நடுவுல பாசி, ஓரமா வாங்க. ஒவ்வொருத்தரா விடுங்க. முன் பிரேக்கைத் தொட வேண்டாம்னு எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க."

புது ஆள் நன்றி சொல்லி வைத்துவிட்டார். அத்தான் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றார். எங்கள் இருவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

வலது கையில் உணர்ச்சி பெரும்பாலும் திரும்பிவிட்டது. அது ஆறிய பிறகு அறுவை சிகிச்சை செய்த இடது கையில் இரண்டு விரல்களுக்குத் திரும்பவில்லை. ரொம்பத் தாமதமாக வந்தீர்கள் என்றார் மருத்துவர். இப்போது அத்தான் ஒரு பள்ளிக்கூடத்தில் வாயிற்காவலராக இருக்கிறார். காலையில் நடந்தே போகிறார்.