தன் கை மேல் உட்கார்ந்த லிஃப்ட்காரர்

வெளிநாட்டில் வேலை பார்த்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு, அவர் குடியிருந்த கட்டடத்துப் பிள்ளைகள் வைத்த பெயர் மேல்கீழ் அண்ணன். வேலை நாளில் பாதியை லிஃப்ட்டின் தலைமேல் நின்று கழித்தவர் என்பதால் பெயர் தப்பில்லை. வாய் மட்டும் எப்போதும் மேல்மாடியில்தான்.

அந்த வாய்ச்சவடால்தான் அவரை மாட்டிவிட்டது. வேறொரு லிஃப்ட் கம்பெனி கூப்பிட்டதும், பழைய முதலாளியின் மேசையில் ராஜினாமாவை வைத்துவிட்டு ராஜா மாதிரி வீட்டுக்கு வந்தார்.

"வேலை பர்மிட் என்னாகும்ங்க?" என்றாள் அண்ணி.

"கார்டுல என் மூஞ்சிதானே இருக்கு, முதலாளி மூஞ்சியா இருக்கு? அது பாட்டுக்கு ஓடும்."

மூஞ்சி அவருடையதுதான். அனுமதியோ அந்த முதலாளியிடம் அந்த வேலை பார்க்கும்வரைதான். புதுக் கம்பெனி விண்ணப்பித்து, குடியேற்ற அலுவலகம் சரி சொன்ன பிறகே அங்கே வேலையில் கை வைக்கலாம். அதை வாங்கிக்கொண்டல்லவா ராஜினாமா செய்திருக்க வேண்டும்? அண்ணன் கரை வருமுன்னே பரிசலை விட்டு இறங்கிவிட்டார். அண்ணியின் கார்டும், பள்ளிக்கூடம் போகும் மகளின் கார்டும் அவர் கார்டின் வாலில் கட்டியவை. அலுவலகம் கொடுத்த கெடுவுக்குள் சரி வராவிட்டால் மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"பேப்பர் வர்ற வரைக்கும் ஸ்க்ரூடிரைவரைக் கண்ணால கூடப் பார்க்காதீங்கண்ணே" என்றார் புதுக் கம்பெனி சூப்பர்வைசர். "சும்மா ஒத்தாசை பண்ணேன்னாலும் வேலைன்னுதான் எழுதிக்குவாங்க."

அண்ணன் வீட்டோடு ஆனார். அண்ணி வெங்காயக் கூடையை முன்னால் நகர்த்தினாள்.

"உரிங்க. இதுக்குப் பர்மிட் வேணாம்."

வெங்காயத்தைச் சாக்காக வைத்து அண்ணன் கொஞ்சம் அழுதுகொண்டார். மகளைத் தவிர யாரும் பார்க்கவில்லை. கேட்டால் மகளும் பார்க்கவில்லை என்றுதான் சொல்வாள்.

சோதனை என்னவென்றால், அந்தக் கட்டடத்து லிஃப்ட்டே புதுக் கம்பெனியின் பராமரிப்பில் இருந்தது. அதன் கதவு கிரீச்சிடும்போதெல்லாம் அண்ணனுக்குப் பல் கூசியது. ஒரு சாயங்காலம், காய்கறிப் பையோடு வந்த அண்ணியை ஏற்றிக்கொண்டு, அவர்கள் மாடிக்குச் சற்றுக் கீழே அது நின்றேவிட்டது.

"என்னங்க! நின்னுடுச்சு!"

அண்ணன் போனும் கையுமாக லிஃப்ட் கதவுக்கு ஓடிவந்தார். "கதவைத் தள்ளாத. போன் பண்ணிட்டேன், ஆள் வருது."

"ஆள் எதுக்கு? மெக்கானிக்கைக் கட்டிக்கிட்டது எதுக்கு?"

"நான் கை வச்சா வேலை பார்த்ததா ஆயிடும்டி."

"நான் பெருசா, பர்மிட் பெருசா?"

"உன் பர்மிட்டும் அதுலதான் தொங்குது. இப்ப நீ தொங்குற மாதிரி."

உள்ளேயிருந்து அடக்க முடியாத ஒரு சிரிப்பு. "வெளிய வந்து வச்சுக்கிறேன் உங்களை."

"மூச்சு முட்டுதா?"

"இல்ல."

"முட்டுனா உடனே சொல்லு. பர்மிட்டாவது மண்ணாவது."

கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாரே தவிர, கைகள் கேட்கவில்லை. தாமாகவே கதவிடுக்கைத் தேடிப் போயின. அண்ணன் அங்கே கிடந்த நார்க் கால்மிதியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் திணித்து, பூட்டுப் போட்டதுபோல் அழுத்திக்கொண்டார். அப்படியே கதவைப் பார்த்துக் கதை சொன்னார். ஒருமுறை மாட்டிக்கொண்டவரைக் காப்பாற்றப் போனபோது, அந்த ஆள் பயத்தில் இவரையும் உள்ளே இழுக்க, கதவு மூடி இரண்டு பேரும் மாட்டிக்கொண்ட கதை. அண்ணி பலமுறை கேட்டதுதான். அன்றைக்குப் புதிதாகக் கேட்பவள்போல் 'ம்' கொட்டினாள்.

கம்பெனி ஆள் வந்து திறந்துவிட்டார். திட்ட வாயெடுத்த அண்ணி, பையை வாங்க நீண்ட கைகளைப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்க நார் வரிவரியாய்ப் பதிந்து சிவந்திருந்தது.

"பை தூக்கப் பர்மிட் இருக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பையைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தாள்.

கெடு முடியுமுன் சரி வந்தது. முதல் வேலையாக அண்ணன் அந்தக் கதவின் தேய்ந்த உருளையை மாற்றினார். பிறகு அண்ணியைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டார். சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு ஏறியது லிஃப்ட். நடுவழியில் சட்டென்று நின்றது.

"அய்யய்யோ!"

"ஒண்ணுமில்ல. பிரேக் பிடிக்குதான்னு பார்த்தேன்."

முதுகில் விழுந்த அடி கீழ்மாடி வரை கேட்டது.