வாயாடி உள்ளே இருக்கிறாள்

ஊரில் பாதி அலுவலகங்களுக்கு அவர் 'நெட்வொர்க்காரர்'. விண்டோஸ், மேக், லினக்ஸ் என்ற மூன்று வகைக் கம்ப்யூட்டர்களும் சண்டை போட்ட சகலைகள் மாதிரி. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் முகம் கொடுத்துப் பேசாது. ஒன்றில் இருக்கும் ஃபைலை இன்னொன்றில் திறக்க வைப்பதுதான் அவர் பிழைப்பு. அதற்கு அவர் வழி எளிது: எல்லா மெஷினிலும் ஒரே பயனர் பெயர், ஒரே பாஸ்வேர்டு. பெயர், 'வாயாடி'. மனைவியை அப்படித்தான் கூப்பிடுவார். யாரையும் பேசவைக்க அவளை விட்டால் ஆளேது?

மனைவி போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. பெயரை மட்டும் அவர் எங்கேயும் மாற்றவில்லை.

அன்று அச்சகத்து முதலாளியம்மா போனில் பொரிந்து தள்ளினார். இவர் தட்டில் வைத்த சோற்றை அப்படியே மூடிவிட்டு அச்சகத்துக்கு ஓடினார்.

"யாருங்க இந்த வாயாடி? எந்த ஃபைலைத் தொட்டாலும், வாயாடி திறந்து வெச்சிருக்காங்கன்னு வருது. வேலையே ஓடல."

"எல்லா மெஷினும் அந்தப் பேர்லதான்மா உள்ள வரும். ஏதோ ஒண்ண மூடாம விட்டிருப்பாங்க."

டிசைனரின் மேக்கை அணைத்தார். பில் போடும் விண்டோஸை அணைத்தார். ஃபைல்கள் இருக்கும் லினக்ஸ் பெட்டி மட்டும் ஓடியது. அதன் திரையில் வாயாடி அப்போதும் உள்ளே இருந்தாள். வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். வைஃபையை நிறுத்தினார். ஆள் போகவில்லை.

"அந்தப் பேர், அந்தப் பேர்ல இருக்கற ஃபைல், எல்லாத்தையும் இப்பவே அழிங்க," என்றார் முதலாளியம்மா. குரல் இறங்கியிருந்தது. "இல்லன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

'வாயாடி' என்றே பெயர் வைத்த ஃபைல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இங்கே மூன்றையும் முதன்முதலாக இணைத்த அன்று, டிபன் பாக்ஸோடு வந்திருந்த மனைவியைச் சோதனைக்கு ஏதாவது அடிக்கச் சொன்னார். 'சாப்டாச்சா?' என்று அடித்தாள். மேக்கில் அது தெரிந்ததும் கைதட்டிச் சிரித்தாள். அவள் கைப்பட மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அழிக்க மனசு வரவில்லை. ஆனால் அச்சகத்தை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ஃபைலைத் திறந்தார்.

'சாப்டாச்சா?'

அதற்குக் கீழே, அவர் இதுவரை பார்த்திராத ஒரு வரி இருந்தது.

'மணி மூணாச்சு. இன்னுமா சாப்பிடல?'

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றுதான்.

"எடுத்துட்டீங்களா?" என்றார் முதலாளியம்மா, அறைக்குள் வராமல்.

"சாப்பிட்டு வந்து எடுத்துடறேன்மா," என்று அவர் எழுந்தார். "இல்லன்னா விடமாட்டா."