கத்தரித்த பட்டைகள்

ஏற்காடு மலையேறும்போது, கொண்டை ஊசி வளைவில் எங்கள் கார் பின்னால் நழுவித் தடுப்புச்சுவரில் லேசாக இடித்தது. மகளைப் பட்டை போட்டு உட்காரவைக்கும் குழந்தை சீட்டில் கீறல்கூட இல்லை. ஆனாலும் உள்ளே விரிசல் இருக்குமோ என்று மனம் அடித்துக்கொண்டது. புதியது வாங்கிவிட்டேன்.

பழையதைக் குப்பையில் போடப் போனபோது, எஸ்டேட் ஜீப்புக்காகக் கைக்குழந்தையோடு நின்ற பெண் கேட்டாள்: "ஏனுங்க, அதை எனக்குக் குடுத்துருங்க. எம்புள்ளைய மடியில வெச்சுட்டுத்தானுங்க ஜீப்புல போறேன்."

"வேண்டாங்க, இது இடிபட்டது. நம்ப முடியாது."

"பாத்தா நொம்ப நல்லாத்தானுங்க இருக்குது."

யாரும் எடுத்துவிடக் கூடாதென்று அவள் கண்முன்னாலேயே பட்டைகளைக் கத்தரித்தேன். ஜீப் வந்தது. குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு ஏறினாள்.

இப்போதும் ஒவ்வொரு வளைவிலும் மகளைத் திரும்பிப் பார்க்கிறேன். புதிய சீட்டில் பத்திரமாகத்தான் இருக்கிறாள். எனக்குத்தான் அந்த மடி நினைவுக்கு வந்து இருப்புக்கொள்ளவில்லை.