விட்டுப்போன ஏழாவது

ஜனவரி முப்பத்தொன்று, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி ஐந்து நிமிடம். காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. பகலில் நல்ல வெயில். மூன்றரைக்கு மேல் மலைப்பக்கமிருந்து பனிமூட்டம் இறங்கி, மேடையைச் சுற்றிக் கட்டியிருந்த கடதாசிக் கொடிகளை ஊறவைத்துக்கொண்டிருந்தது. எனக்குப் பத்து வயது முடிந்து பதினெட்டு நாள். இப்போது எழுபது. மணி எப்படி நினைவிருக்கிறது என்று கேட்பார்கள். மேடையில் என் பக்கத்தில் இருந்தவர் கையைத் திருப்பி நேரம் பார்த்தார், நானும் எட்டிப் பார்த்தேன். பார்த்ததை மறக்கிற சுபாவம் எனக்கு இல்லை. அந்த ஒரு நாளைத் தவிர.

எல்லாவற்றுக்கும் காரணம் மாமா. அம்மாவின் தம்பி, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற வேலை, தோட்டக் கமிட்டியின் தலைவர். தேர்தல் அறிவித்த வாரத்தில் டவுனுக்குப் போனவர், நான்காக மடித்த ஒரு துண்டுப்பிரசுரத்தோடு திரும்பி வந்தார். கட்சி ஆட்சிக்கு வந்ததும் முன்னுரிமை கொடுத்துச் செய்யப்போகும் பத்துக் காரியங்கள் அதில் அச்சாகியிருந்தன. வந்த வேகத்தில், தன் அக்காள் மகன் அந்தப் பத்தையும் தாளைப் பார்க்காமல் மேடையில் சொல்லுவான் என்று கட்சிக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். என்னை யாரும் கேட்கவில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பில் மனப்பாடத்துக்கு முதல் பரிசு வாங்கியவனை எதற்குக் கேட்க வேண்டும்?

பதினோரு நாள் படித்தேன். பீலிக்கரையில் பெண்கள் குடத்தோடு வரிசை நிற்கும்போது மாமா என்னைக் கல்லின் மேல் ஏற்றிச் சொல்லச் சொல்வார். ஒன்று, அரிசி விலை. இரண்டு, பள்ளிக்கூடம். மூன்று, ஆஸ்பத்திரி. நான்கு, படித்த பிள்ளைகளுக்கு வேலை. ஐந்து, குழந்தைகளுக்குப் பால். ஆறு, சம்பள உயர்வு. கேட்டவர்கள் ஆளுக்கொன்றைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில் இருந்த பெண் ஐந்தாவதைப் பிடித்துக்கொண்டார்.

"டேய் மந்திரி, அந்தப் பாலு எப்படா வரும்? எஞ் சின்னவனுக்குப் பல்லே முளைச்சிருச்சு."

"ஜெயிச்ச மறுநாளு," என்பார் மாமா எனக்குப் பதிலாக.

"அப்ப மாட்டுக்கு இப்பவே சொல்லி வைங்க."

அம்மா எடுத்துக்கொண்டது ஏழாவது. அதை அப்படியே எழுதுகிறேன், இன்றைக்கு ஓர் எழுத்துப் பிசகாது: தோட்டத் தொழிலாளர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவரும் தனிக் கதவும் கொண்ட வீடு.

போன மாதம், டிக்கோயாவில் நான் இப்போது குடியிருக்கும் இடத்துக்கு ஒரு பையன் வந்து இன்னொரு துண்டுப்பிரசுரம் கொடுத்துவிட்டுப் போனான். வழுவழுப்பான தாள், கலர் படம். கண்ணாடியைத் தேடி எடுத்து எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு காரியங்கள். தோட்ட மக்களுக்கு வீடு மூன்றாவதாக இருக்கிறது. அறுபது வருடத்தில் ஏழிலிருந்து மூன்றுக்கு ஏறியிருக்கிறது. பதினைந்து வருடத்துக்கு ஓர் இடம். இதே வேகத்தில் போனால் இன்னும் முப்பது வருடத்தில் முதலிடத்துக்கு வந்துவிடும். முழங்கால் வலியோடு நான் அதுவரை காத்திருக்க வேண்டும்.

அம்மாவுக்கு ஏழாவது ஏன் என்றால், அக்கா. முந்தின ஆவணியில் அக்கா பெரியவளாகியிருந்தாள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் அப்பா, அம்மா, அக்கா, நான், மாமா, அவர் புதிதாகக் கட்டிக்கொண்டு வந்த அத்தை என்று ஆறு பேர். நடுவில் ஒரு சேலை தொங்கும். அக்கா துணி மாற்ற வேண்டுமென்றால் நாங்கள் மூன்று ஆண்களும் வெளியே போய் மழையில் நிற்போம். காம்பராவுக்கு முன்னால் திறந்து கிடந்த இஸ்தோப்புத் தாழ்வாரத்தைப் பலகையால் அடைத்து அக்காவுக்கு ஒரு மறைப்புச் செய்யலாம் என்று அம்மா கோழி விற்றும், சீட்டுப் பிடித்தும் பணம் சேர்த்து வைத்திருந்தார். பன்னிரண்டு பலகை, ஆணி, கூலி எல்லாம் சேர்த்து இருபத்து நான்கு ரூபாய் என்று ஆசாரி சொல்லியிருந்தார். அது சேர்ந்துவிட்டது. தைப்பொங்கல் கழிந்ததும் அடிப்பதாக இருந்தது.

"தனி வீடே வருதுங்கிறேன்," என்றார் மாமா. "இப்பப் பலகை அடிச்சா, அப்புறம் அதக் கழட்டி எங்கக்கா வைக்கிறது?"

அப்பா மட்டும், அடித்துவிட்டே கழட்டலாமே என்றார். அப்பா சொல்வதை எங்கள் வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. பலகைப் பணத்தில் எனக்கு ஒரு வெள்ளைச் சட்டை, நீலக் காற்சட்டை, கான்வஸ் சப்பாத்து வாங்கினார்கள். மிச்சத்தில், கூட்டத்துக்குக் கொழும்பிலிருந்து வரும் கட்சிப் பெரியவருக்கு ஒரு மாலை. பெரியவர் முன்னால் கந்தலோடு போய் வீடு கேட்டால் மரியாதையாக இருக்காது என்பது அம்மாவின் கணக்கு.

கட்சி இரண்டு லொறி அனுப்பியது. எங்கள் தோட்டத்திலிருந்து மட்டும் நூற்றுப் பதினெட்டுப் பேர் ஏறினோம். பெரியவர் வர இரண்டு மணி நேரம் பிந்திவிட்டது. என்னை ஒரு பெட்டியின் மேல் ஏற்றி ஒலிவாங்கியை வாய்க்கு நேராகத் தாழ்த்தினார்கள். ஒவ்வொன்றையும் சொன்னதும் கைதட்டல். ஆறாவது சம்பள உயர்வு. அதற்கு எழுந்த கைதட்டல் நிற்கவே இல்லை; பின்னால் யாரோ விசில் அடித்தார்கள்; ஒலிவாங்கி கீச்சென்று கத்தியது. கூட்டத்தில் அம்மா எழுந்து நிற்பது தெரிந்தது. ஏழாவதுக்குக் கைதட்ட முன்கூட்டியே எழுந்துவிட்டார். சத்தம் அடங்கியதும் நான் சொன்னேன்: எட்டு, ஊர்தோறும் மின்சாரம்.

ஒன்பது, குடிதண்ணீர். பத்து, ஊழலற்ற நிர்வாகம். முடிந்தது. பெரியவர் என்னைத் தூக்கி இறக்கி, தலையைத் தடவி, மேசையிலிருந்த ஒரு தோடம்பழத்தைக் கையில் வைத்தார். ஒலிவாங்கியைப் பிடித்து, "நம்ம கட்சியோட பத்துக் கொள்கையையும் ஒண்ணு விடாமச் சொல்லிட்டான் பையன். கெட்டிக்காரன்," என்றார். கூட்டம் மறுபடி தட்டியது. அம்மா உட்காரவில்லை. தட்டவும் இல்லை.

திரும்பும்போது லொறியில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். பீலியடிக்குக் கிட்ட வந்த பிறகுதான் அம்மா வாயைத் திறந்தார்.

"ஏழு எங்கடா?"

ஏழாவதை விட்டது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"விடுக்கா," என்றார் மாமா. "நோட்டீஸ்ல அச்சடிச்சிருக்குல்ல. இவன் சொல்லாட்டி இல்லேன்னு ஆயிருமா?"

"பெரட்டுல பேரு கூப்பிடாட்டி அன்னிக்குப் பேரு விழுமா?" என்று அம்மா கேட்டார்.

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது விளங்கும். விடியற்காலைப் பெரட்டில் வரிசையாக நிற்கும்போது கணக்கப்பிள்ளை பெயரைக் கூப்பிட வேண்டும், ஆள் குரல் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அன்றைக்குப் பேர். பேர் விழுந்தால்தான் சம்பளம். ஆள் நேரில் நின்றாலும், பெயர்ப் பதிவேடான இடாப்பில் எழுதியிருந்தாலும், கூப்பிட்டுக் கேட்காத பெயருக்குக் காசு கிடையாது. அம்மா இருபது வருடம் அப்படி வாழ்ந்தவர். பெரியவர் காதில் விழாத வீடு எப்படி வரும்?

இரவு தோடம்பழத்தை உரித்து ஆளுக்கு இரண்டு சுளை கொடுத்தார்கள். அம்மா தன் பங்கைத் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை அரை நாள் வேலையில், அரைப் பேரோடு கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு, அம்மா எனக்கு அந்த வெள்ளைச் சட்டையையே மறுபடி மாட்டினார். நான்கு மைல் நடந்து டவுனில் இருந்த கட்சிக் காரியாலயத்துக்குப் போனோம். அங்கே இரண்டு பேர் பசை கிண்டிக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் மஃப்ளர் சுற்றி, காதில் பென்சில் செருகியிருந்த மூன்றாமவர்தான் பொறுப்பாளர்.

"என்னம்மா?"

"ஞாயித்துக்கிழமை கூட்டத்துல எம் பையன் ஏழாவதச் சொல்லாம விட்டுட்டானுங்க. அதச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தோம்."

அவருக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. பிறகு சொல்லச் சொன்னார். கையைக் கட்டி நின்று சொன்னேன். தனிச் சுவர், தனிக் கதவு, வீடு. பசை கிண்டியவர்கள் கிண்டுவதை நிறுத்திக் கேட்டார்கள்.

"நல்லது," என்றார் பொறுப்பாளர். "உங்க தோட்டத்துல லிஸ்டுல எத்தன பேரம்மா இருக்கீங்க?"

"எல்லாருமே இருக்கோமுங்க. சம்பளச் செக்ரோல்ல முந்நூத்திப் பன்னெண்டு பேரு. எம் பேரு நாப்பத்தொண்ணாவது."

பொறுப்பாளர் சிரித்தார். பசைக்காரர்களும் சிரித்தார்கள். எல்லோரும் சிரித்ததால் நானும் சிரித்தேன். அம்மாவும் கொஞ்சம் சிரித்தார். நல்ல சகுனம் என்று எண்ணியிருப்பார்.

"சரி, ஏழு பதிஞ்சாச்சு. போயிட்டு வாங்க," என்றார் அவர். பென்சில் காதிலேயே இருந்தது.

கட்சி ஜெயித்தது. சித்திரை வரைக்கும் அம்மா காலையில் கதவைத் திறந்ததும் ரோட்டைப் பார்ப்பார், கல், மண் ஏற்றிய லொறி ஏதாவது வருகிறதா என்று. வந்தது, கொழும்புக்கு வீட்டு வேலைக்கு ஆள் பிடிக்கிற தரகர். வயதுக்கு வந்த பெண்ணை ஆறு பேர் நடுவில் எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், நல்ல பங்களா, தனியாகப் படுக்க இடம் கொடுப்பார்கள் என்றார். பலகைக்குப் பணம் இல்லை. அக்கா அவர் பின்னால் நடந்து போனாள். பங்களாவின் அறைகள் ஏழு என்று முதல் தீபாவளிக்கு வந்தபோது சொன்னாள். அவள் படுத்தது குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில். பத்தொன்பது வருடம் அங்கேயே படுத்தாள்.

நான் ஏழாவதை விட்டதால்தான் அக்கா போனாள் என்று வெகுகாலம் நம்பினேன். அம்மா என்னை ஒருநாளும் ஏசவில்லை. யாராவது கேட்டால், "நாங்க பிந்திச் சொன்னோம், அதான் பிந்துது," என்பார். சாகும்வரை அதே பதில்தான். செத்ததும் அதே காம்பராவில்தான்.

பத்தொன்பது வயதில் தோட்டக் காரியாலயத்தில் எடுபிடிக் கிளாக்கராகச் சேர்ந்தபோது, அலுமாரியில் அந்தத் தேர்தலின் பழைய வாக்காளர் இடாப்பு ஒன்று கிடைத்தது. எண்ணினேன். பொறுப்பாளர் கேட்ட அந்த லிஸ்டில் எங்கள் தோட்டத்தில் ஒன்பது பெயர். பெரிய கிளாக்கர், டிஸ்பென்சர், டீமேக்கர், அவர்கள் வீட்டார். லயத்தில் ஒன்றுகூட இல்லை. சுதந்திரம் வந்த கையோடு எங்கள் பிரஜாவுரிமையையும் ஓட்டையும் பிடுங்கிக்கொண்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். அது பீலிக்கரையில் குடத்தோடு நின்றவர்களைப் பற்றியது என்று எனக்கு உறைக்கவில்லை. கைதட்டுவதற்குப் பிரஜாவுரிமை வேண்டியதில்லை. அதற்குத்தான் இரண்டு லொறி. பசை வாளிக்குப் பக்கத்தில் நின்று நான் எதற்குச் சிரித்தேன் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கணக்கையும் எழுதிவிடுகிறேன். சட்டை ஆறு ரூபாய் ஐம்பது சதம். காற்சட்டை ஐந்து இருபத்தைந்து. சப்பாத்து எட்டு எழுபத்தைந்து. மாலை மூன்று ஐம்பது. செவ்வாய்க்கிழமை விட்ட அரைப் பேர் ஒரு ரூபாய் பத்துச் சதம். வரவு, தோடம்பழம் ஒன்று, பதினைந்து சதம். அது போக, செலவு இருபத்து நான்கு ரூபாய் தொண்ணூற்றைந்து சதம்.