தைலக்கடைப் பாட்டில்கள்

வாய் அகன்ற கண்ணாடி பாட்டிலுக்காக மைனி தென்காசி முழுக்க அலைந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கால் வலிக்கிறது. மைனி என் அண்ணனின் மனைவி. அண்ணன் இறந்த பிறகு, நாத்தனார் நானும் அவளும் ஒரே வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து பீடி சுற்றிப் பிழைத்தோம். இப்போது செல்போனில் தேடினால் விதவிதமான பாட்டில்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. விலையைப் பார்த்ததும் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

மைனிக்கு ஒரே ஆசைதான். பீடித்தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட வேண்டும். இருமல் அவளைத் தூங்கவிடவில்லை. அவள் போடும் எலுமிச்சை ஊறுகாயைத் தெருவே கேட்டு வாங்கும். குற்றாலத்தில் சீசன் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் ருசி பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா பிளாஸ்டிக் டப்பால கொண்டாந்தா எவன் வாங்குவான்? கண்ணாடில போட்டுக் கொண்டா, சீசன் பூரா நானே எடுத்துக்கிடுதேன்" என்றார். அந்த 'சீசன் பூரா'வைப் பிடித்துக்கொண்டு மைனி வீடு வந்தாள்.

புதுப் பாட்டில் வேண்டுமென்றால் மொத்தமாக எடுக்கச் சொன்னார்கள். பழைய இரும்புக் கடையில் கண்ணாடிக்குப் பஞ்சமில்லை, ஆனால் அத்தனையும் பிராந்தி பாட்டில். "வாய் இத்தினிக்கூண்டு. எலுமிச்சம்பழம் என்ன எறும்பா, உள்ள ஊந்து போக?" என்று மைனி சலித்துக்கொண்டாள். நறுக்கி உப்பிட்ட பழம் பானையில் ஊறிக்கொண்டே கிடந்தது. கடைசியில் குற்றாலத்துத் தைலக்கடை ஒன்றின் பின்புறம், மூடியோடு காலி பாட்டில்கள் சல்லிசாகக் கிடைத்தன. சோடா உப்பு போட்டு வெந்நீரில் கொதிக்கவைத்தோம். சாரல் காலம், வெயில் தலைகாட்டவில்லை. அடுப்பனலில் கவிழ்த்து வைத்துக் காயவிட்டோம். மூடிகளையும் விடாமல் மோந்து பார்த்து, வாடை இல்லை என்று இருவரும் சொன்ன பிறகுதான் ஊறுகாயை அடைத்தோம்.

மறுவாரம் கடைக்குக் கொண்டுபோனோம். முதல் பாட்டிலைத் திறந்ததுமே அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்னம்மா, மூட்டுவலித் தைலம்லா மணக்கு! ஒங்களுக்கு வாசன தெரியலியா?"

மைனி பாட்டிலை வாங்கி இழுத்து இழுத்து மோந்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். "ஏட்டி, ஒனக்கு வருதா?"

எனக்கும் வரவில்லை. தைலம் கிடக்கட்டும், அவள் கைநிறைய அள்ளிப் போட்ட பெருங்காயம்கூட வரவில்லை. அண்ணாச்சி கறையேறிய எங்கள் விரல்களைப் பார்த்தார். "பீடி சுத்துதீகளோ?" என்று மெதுவாகக் கேட்டார். வருஷக்கணக்காகப் புகையிலைத் தூளை இழுத்து இழுத்து எங்கள் மூக்கு செத்துப்போயிருந்தது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. எதற்குத் தப்பி ஓட நினைத்தாளோ அதனிடமே அவள் தோற்றுப்போனாள். எனக்கு அழுகையைவிட அலுப்புதான் வந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஊறுகாய்ப் பைகள் அப்படியே எங்கள் காலடியில் கிடந்தன. ஜன்னல் வழியே சாரல் முகத்தில் அடித்தது. ஊர் நெருங்கும்போது மைனி கேட்டாள்:

"இந்த மழ வாசனயாவது வருதாட்டி ஒனக்கு?"

வரவில்லை. "வருது மைனி" என்றேன்.

"அப்ப ஒனக்கு இன்னும் கெட்டுப்போகல. நீயாவது தட்ட எறக்கி வச்சிரு."

மறுநாள் காலை நான் வழக்கம்போல எதிரே உட்கார்ந்து தட்டை மடியில் எடுத்தேன். மைனி என் முகத்தைப் பார்த்தாள். நான் சொன்னது பொய் என்று அவளுக்குப் புரிந்திருக்கும். தன் இலைக்கட்டில் பாதியைப் பிரித்து என் பக்கம் தள்ளினாள்.